மண்டபத்து வாசல் மூடி

எங்கள் சின்ன ஊரான யர்ரகூலில் ரோட்டில் பள்ளம் விழுந்தால் யாரும் கவுன்சிலுக்குப் போன் போடுவதில்லை. ட்ரெவரிடம் சொல்வோம். கவுன்சிலுக்கென்று ஒரு நம்பர் இருக்கத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் அரை மணி நேரம் பாட்டுப் பாடிவிட்டு, எங்கோ நகரத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளை எடுத்து, யர்ரகூல் எந்தப் பக்கம் என்று கேட்கும். யாருக்கு இருக்கிறது அந்தப் பொறுமை? ட்ரெவர் கவுன்சிலில் ரோட்டு வேலைகளுக்கெல்லாம் சூப்பர்வைசர். சனிக்கிழமை ஃபுட்பால் முடிந்ததும் மைதானத்து வேலியோரம் நின்று சாசேஜ் வாட்டிக்கொண்டிருப்பான். கையில் ரொட்டியோடு வரிசையில் நிற்கிறவர்கள் ஆளுக்கொரு குறை சொல்வார்கள். இடுக்கியால் சாசேஜைத் திருப்பிக்கொண்டே எல்லாவற்றுக்கும் ஒரே பதில் சொல்வான்: "என்கிட்ட விட்டுடு."

நியாயமாகச் சொன்னால், பாதியைச் செய்தும் விடுவான். மீதிப் பாதியைப் பற்றித் திரும்பக் கேட்பது நாகரிகமில்லை என்று ஊரில் எல்லோருக்கும் ஒரு நினைப்பு. எனக்கும் அந்த நினைப்பு இருந்தது. ட்ரெவரும் நானும் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். அவன் மனைவி ஷெரில் என் சிநேகிதி. சிநேகிதி என்ற சொல் போதாது. என் கணவர் காலின் இறந்த அன்று இரவு, என் கட்டிலில் அவர் வழக்கமாகப் படுக்கும் இடத்தில் வந்து படுத்து என்னைத் தூங்க வைத்தவள் அவள். அவள் தலைமுடியை இருபது வருஷத்துக்கு மேல் நான்தான் வெட்டினேன். என் வீட்டு முன்னறைதான் என் சலூன். அந்த நாற்காலியில் உட்கார்ந்து அவள் சொல்லாத ரகசியம் இல்லை, நான் வெளியே விட்ட ரகசியமும் இல்லை.

ஊர் நடுவில் போர் நினைவு மண்டபம். அதன் வாசலுக்கு நேரே, நடைபாதையில், மழைநீர்க் குழியை மூடிய சதுரமான இரும்பு மூடி ஒன்று. பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கும். ஒரு விளிம்பில் கால் வைத்தால் மட்டும் மறு விளிம்பு எழும்பும். ஒரு குளிர்காலத்தில் தெரியாமல் மிதித்துவிட்டேன். சனிக்கிழமை வேலியோரம் போய் ட்ரெவரிடம் சொன்னேன்.

"ட்ரெவ், மண்டபத்து வாசல்ல அந்த இரும்பு மூடி ஆடுதுடா. கால வச்சேன், நெஞ்சு பக்குனு ஆயிடுச்சு."

"நீ கேக்கு தின்னறதக் கொஞ்சம் கொறச்சுக்கிட்டா அது ஏன் ஆடப் போவுது?"

"வாயக் கழுவு மொதல்ல. வயசானவங்க யாராச்சும் விழுந்தாங்கன்னா உன் வீட்டு வாசல்லதான் வந்து நிப்பேன்."

"என்கிட்ட விட்டுடு கண்ணு. சாசேஜ் மேல வெங்காயம் வேணுமா, வேணாமா?"

வெங்காயம் வாங்கிக்கொண்டேன். விஷயம் முடிந்தது என்று நினைத்தேன். இருந்தாலும் அதற்குப் பிறகு மண்டபத்துக்குப் போகும்போதெல்லாம் மூடியைத் தவிர்த்துப் புல்லில் இறங்கித்தான் நடந்தேன்.

அக்டோபரில், எங்கள் பக்கத்து வசந்தத்தில், மண்டபத்தில் பூக் கண்காட்சி. அதற்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை மத்தியானம், மண்டபத்து அடுப்படியில் ஷெரிலும் நானும் இருந்தோம். அவள் கேக்கைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தாள். நான் சின்னக் கெட்டிலில் தண்ணீர் வைத்துவிட்டுக் காத்திருந்தேன். ட்ரெவர் உள்ளே வந்தான்.

"ரெண்டு பொம்பளைங்க இருந்தும் ஒரு டீ இல்லையா இந்த மண்டபத்துல?"

"பாய்லர் இருந்தா டீ இருக்கும்," என்றேன். "ஈஸ்டருக்கு ரிப்பேர் பண்றேன்னு தூக்கிட்டுப் போனியே, அது உன் ஷெட்ல குட்டி போட்டுச்சா?"

ஷெரில் சிரித்தாள். "அது மேல இப்ப இவரோட தூண்டில் டப்பா குடியிருக்கு."

"அடுத்த வாரம் வந்துடும். கத்தாதீங்க. நல்ல சேதி ஒண்ணு சொல்றேன் கேளு, ரே. வாசல்ல அந்த மூடி முடிஞ்சுது. நாலு போல்ட் போட்டு முறுக்கியாச்சு. இனிமே அது மேல ஏறி டான்ஸே ஆடலாம்."

"நெசமாவா?"

"நான் என்னிக்குப் பொய் சொல்லியிருக்கேன்?"

"நம்ம கல்யாணத்தன்னிக்கு," என்றாள் ஷெரில், கத்தியைக் கூடக் கீழே வைக்காமல். மூன்று பேரும் சிரித்தோம். அவன் ஒரு துண்டு கேக்கை வாயில் போட்டுக்கொண்டு போனான்.

மறுநாள் காலையில் லாமிங்டன் கேக் அடுக்கிய தட்டுகள் இரண்டை மோவாய்க்கட்டை வரை தூக்கிக்கொண்டு காரிலிருந்து இறங்கினேன். மற்ற நாளென்றால் புல்லில் இறங்கியிருப்பேன். அன்று இறங்கவில்லை. பரவாயில்லை, ட்ரெவர் சொன்னதைச் செய்துவிட்டானே என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டேதான் அந்த மூடியில் காலை வைத்தேன். அது அப்படியே புரண்டது. வலது கால் தொடை வரை குழிக்குள் போனது. வலது கை ஊன்றிய இடம் நடைபாதையின் சிமெண்டு விளிம்பு. மணிக்கட்டு நொறுங்கிய சத்தம் எனக்கே கேட்டது.

முதலில் ஓடிவந்தவள் ஷெரில்தான். கண்காட்சிக்கென்று உடுத்திய கவுனோடு தரையில் உட்கார்ந்து என் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். அப்புறம் மூடியைப் பார்த்தாள். போல்ட் போட வேண்டிய நான்கு ஓட்டைகளும் காலியாக இருந்தன. ட்ரெவர் ஓடிவந்து நின்றான். அவள் அவனைப் பார்த்த பார்வையை நான் கீழே கிடந்தபடியே பார்த்தேன். அவன் "ஐயோ ரே, ஐயோ ரே" என்றான். அன்று சாயங்காலம், ஆஸ்பத்திரியில் என் கைக்குள் தகடு வைத்துத் திருகிக்கொண்டிருந்த நேரத்தில், இங்கே மூடிக்குப் போல்ட் வைத்து முறுக்கிவிட்டார்கள்.

கை சரியாகவில்லை. மூன்று முறை அறுத்தார்கள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று தொட மாட்டேன் என்கின்றன. தேநீர்க் கோப்பையை இடது கையால் பிடித்துக்கொள்ளலாம், கத்தரிக்கோலைப் பிடிக்க முடியுமா? சலூனைப் பூட்டினேன். கவுன்சிலிடம் முதலில் மரியாதையாகத்தான் நஷ்டஈடு கேட்டேன். அவர்கள் இன்ஷூரன்ஸ் கம்பெனி பக்கம் கையைக் காட்டினார்கள். கம்பெனி சொன்னது, மூடி பழுதாக இருந்தது கவுன்சிலுக்குத் தெரியவே தெரியாது என்று. தெரியாதாம்! நான் ட்ரெவர் வருவான் என்று காத்திருந்தேன். வந்து, "எனக்குத் தெரியும், ரே என்கிட்ட சொன்னா" என்று ஒரு வார்த்தை ஆபீசில் சொல்லிவிட்டால் தீர்ந்தது. அவன் வரவில்லை. ஷெரில் வந்தாள். வியாழக்கிழமை தவறாமல் பெரிய பாத்திரத்தில் சூரை மீன் போட்ட பாஸ்தாவோடு வந்து, எனக்குத் தலை வாரிவிட்டு, எல்லாவற்றையும் பேசினாள். மூடியைப் பற்றி மட்டும் பேசவில்லை. புருஷனைத் தயார்படுத்துகிறாள், கொஞ்சம் நாள் கொடுப்போம் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

கடைசியில் இரண்டு மணி நேரம் பஸ்ஸில் போய் ஒரு வக்கீலைப் பார்த்தேன். எலெனி கரஸ். சின்ன வயதுக்காரி, கிரேக்கக் குடும்பம், கறாரான ஆள். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"சட்டம் இதுல கவுன்சில் பக்கம் கொஞ்சம் சாஞ்சுதான் நிக்குது, ரேலீன். நடைபாதை கெட்டுக் கெடந்ததுன்னு மட்டும் சொன்னா கேஸ் நிக்காது. அந்தக் கோளாறு, அதே கோளாறு, அவங்களுக்கு நெசமாவே தெரிஞ்சிருக்கணும். அதுவும் சரி பண்ற அதிகாரம் இருக்கற ஆளுக்கு."

"ட்ரெவருக்குத் தெரியும். அவனுக்குத்தான் அதிகாரம். நான்தானே சொன்னேன்."

"எப்படிச் சொன்னீங்க?"

"வாயால."

"போன்? மெயில்?"

"சாசேஜ் திருப்பிட்டிருந்தான். அப்ப சொன்னேன்."

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். "உங்க ஊர்ல எல்லாரும் இப்படித்தானா?"

"எல்லாரும்."

"சரி. நீங்க சொன்னீங்கன்னே வச்சுப்போம். அத நிரூபிச்சா இன்னொரு வம்பு வரும். மூடி ஆடுதுன்னு உங்களுக்கே தெரியும், தெரிஞ்சும் ஏன் கால வச்சீங்கன்னு கேப்பாங்க."

"சரி பண்ணியாச்சுன்னு அவன் சொன்னான். ஏறி டான்ஸே ஆடலாம்னான்."

எலெனி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அதுதான் உங்க கேஸே. அந்த ஒரு வாக்கியம். அவன் கவுன்சில் ஆளு. அவன் அதச் சொன்னான்னா, மூடி கெட்டிருந்தது அவனுக்குத் தெரியும். நீங்க அத நம்பித்தான் கால வச்சீங்கன்னும் ஆயிடும். அவன் இல்லேன்னு சொன்னா? வேற யாரு கேட்டாங்க?"

"ஷெரில். அவன் பொண்டாட்டி."

"அவங்க சொல்லுவாங்களா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. பாவம், நகரத்துப் பெண், இவளுக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன். "அவ என் ஷெரிலாச்சே," என்றேன். எவ்வளவு பெருமையாகச் சொன்னேன் என்பதை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

எலெனியின் நோட்டீஸ் கவுன்சிலுக்குப் போன வாரம், வியாழக்கிழமை ஷெரில் வரவில்லை. அடுத்த வியாழனும் வரவில்லை. கேஸ் நடக்கும்போது அந்தக் குடும்பத்தோடு இதைப் பற்றிப் பேசவே கூடாது, சாட்சியைக் கலைத்ததாகிவிடும் என்று எலெனி கண்டித்துச் சொல்லியிருந்தாள். நான் போகவில்லை. ஷெரில் வருவதை எந்த வக்கீல் தடுத்தான்? சமையலறை ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அவள் கார் என் தெருவைத் தவிர்த்துச் சுற்றிக்கொண்டு போகப் பழகிவிட்டது.

ஊர் மட்டும் சும்மா இருந்ததா? கவுன்சில்தான் எங்கள் ஊரில் பெரிய முதலாளி. பாதி வீடுகளில் ஒருத்தராவது அங்கே சம்பளம் வாங்குகிறார்கள். கடையில் பால் எடுக்கப் போனால், மண்டபக் கமிட்டித் தலைவி பாலின் வழியில் நின்றுகொண்டு கேட்டாள்:

"ஏன் ரேலீன், உனக்கு நஷ்டஈடு குடுத்துட்டு, காசு இல்லேன்னு கவுன்சில்ல நீச்சல்குளத்த இழுத்து மூடிட்டாங்கன்னா, சின்னப் பசங்களையெல்லாம் உன் குளியலறைல கொண்டாந்து விடலாமா?"

"இன்ஷூரன்ஸ்காரன் குடுக்கப் போறான், பாலின். உன் பர்ஸுல இருந்து இல்ல."

"கடைசில அது எங்க வீட்டு வரிலதான் வந்து விடியும். விழறது சகஜம். எல்லாரும்தான் விழறோம். எல்லாருமா கேஸ் போடறோம்?"

"நீ விழுந்து எதையாச்சும் ஒடச்சுக்க. அப்புறம் பேசலாம்," என்று சொல்லிவிட்டு வந்தேன். பாலை எடுக்க மறந்துவிட்டேன்.

இப்படியே இரண்டாவது வருஷமும் ஓடியது. விசாரணைக்கு ஒரு மாதம் இருக்கும்போது எலெனி போன் செய்தாள். "கவுன்சில் தரப்புச் சாட்சிங்க யாருன்னு வந்திருக்கு. ட்ரெவர் இருக்கான். அவன் மனைவியும் இருக்காங்க."

"நம்ம பக்கமா?"

"அவங்க பக்கம், ரேலீன்."

போனை வைத்துவிட்டு, சலூன் கதவைத் திறந்து, ஷெரில் உட்காரும் அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அழவில்லை. அவளுக்கு வேறு வழி இல்லாமல் இருக்கும், கூண்டில் ஏறினால் உண்மையைத்தான் சொல்வாள் என்று ஒரு ஆசை அப்போதும் உள்ளே உட்கார்ந்துகொண்டு நகர மறுத்தது.

நீதிமன்றம் நகரத்தில். மண்டபக் கமிட்டிப் பெண்கள் ஒரே வேனில் வந்திருந்தார்கள். ஆதரவுக்கு வந்தோம் என்றாள் பாலின். யாருக்கு ஆதரவு என்று நான் கேட்கவில்லை. எனக்குப் பின்னாலிருந்த வரிசையில் கைப்பைகளை மடியில் வைத்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்தார்கள்.

முதலில் என்னை விசாரித்தார்கள். கவுன்சில் வக்கீல், ஒல்லியாக உயரமான மனுஷன், மோவாய் வரை தட்டு அடுக்கிக்கொண்டு நடந்தால் தரை எப்படித் தெரியும் என்று நாலு விதமாகக் கேட்டார். பிறகு ட்ரெவர் ஏறினான். புதுக் கோட்டு. என் பக்கம் திரும்பவில்லை.

"சனிக்கிழம நூறு பேரு நூறு சொல்லுவாங்க. இந்த மூடியப் பத்தி திருமதி டக்வெல் சொன்னதா எனக்கு ஞாபகம் இல்ல," என்றான். "வெள்ளிக்கிழம மண்டபத்துக்குப் போனேன். டீ குடிக்கத்தான் போனேன். மூடிப் பேச்சே வரல."

திருமதி டக்வெல்! பள்ளிக்கூடத்தில் என் ஜடையை மை புட்டியில் தோய்த்தவன், என் புருஷன் சவப்பெட்டியைத் தோளில் சுமந்தவன், அவன் வாயில் நான் திருமதி டக்வெல். பொய்யைவிட அதுதான் எனக்கு முதலில் உறைத்தது. எலெனி எவ்வளவோ திருப்பிக் கேட்டுப் பார்த்தாள். விழுந்த அன்றே எப்படிப் போல்ட் வந்தது என்றாள். விபத்து நடந்தால் உடனே சரிசெய்வதுதானே எங்கள் வேலை என்றான். அவனை அசைக்க முடியவில்லை. நீதிபதி வெள்ளை முடிக்காரர், தலையை ஆட்டிக் குறித்துக்கொண்டார். அவனை நம்புகிறார் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

அதுவரை வெளியே உட்கார்ந்திருந்த ஷெரிலை அழைத்தார்கள். தலைமுடியைப் புதிதாக வெட்டி, சாயம் போட்டு வந்திருந்தாள். பின்னங்கழுத்தில் ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கி இருந்தது. யாரோ அவசரமாக வெட்டியிருக்கிறார்கள். அந்த இடத்தில் அவளுக்கு ஒரு சுழி உண்டு, அதைத் தெரியாதவர்கள் வெட்டினால் அப்படித்தான் நிற்கும்.

சத்தியம் செய்தாள். கவுன்சில் வக்கீல் கேட்டார், அன்று அடுப்படியில் உங்கள் கணவர் மூடியைப் பற்றி ஏதாவது சொன்னாரா என்று.

"எனக்கு எதுவும் கேக்கல," என்றாள் ஷெரில். "நான் பாய்லர் பக்கத்துல நின்னுட்டிருந்தேன். அது கொதிக்க ஆரம்பிச்சா ஒரே எரைச்சல். பக்கத்துல யாரு பேசினாலும் காதுல விழாது."

எனக்குப் பின்னால் யாரோ இருமினார்கள். ஒரு கைப்பை டக் என்று மூடிக்கொண்டது. நீதிபதிக்கு அது வெறும் பாய்லர். எலெனிக்கும் அப்படித்தான். ஆனால் அந்த வரிசையில் இருந்த ஒவ்வொருத்திக்கும் தெரியும். அந்த ஈஸ்டரிலிருந்தே, எல்லா விழாவுக்கும், கெட்டிலிலும் பாத்திரத்திலும் தண்ணீர் சுடவைத்து, ட்ரெவரைத் திட்டிக்கொண்டே டீ போட்டவர்கள் அவர்கள். அதிகம் திட்டியவள் பாலின்.

நான் திரும்பிப் பார்த்தேன். பாலின் கூரையைப் பார்த்தாள். அடுத்தவள் தன் செருப்பைப் பார்த்தாள். கோர்ட்டில் எழுந்து நின்று கத்த முடியாதுதான், எனக்கும் தெரியும். என் முகத்தைப் பார்க்கலாம் அல்லவா? ஒருத்தியும் பார்க்கவில்லை. நாளைக்கு யாராவது எங்களைக் கேட்டால் எங்களுக்கும் கேட்கவில்லை என்றே சொல்வோம் என்று அந்த முகங்களில் எழுதி ஒட்டியிருந்தது.

உடனே எலெனியிடம் சொல்லவில்லை. ஷெரிலுக்கு நேரம் கொடுத்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். தீர்ப்பு எனக்கு வேண்டியிருந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் அதைவிட, அவளாக அதைச் சொல்ல வேண்டும் என்று இருந்தது. அவளோ கைக்குட்டையை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டிருந்தாள். நான் முன்னால் குனிந்து எலெனியின் காதில் பாய்லர் கதையைச் சொன்னேன்.

எலெனி எழுந்தாள். "அந்தப் பாய்லர் அன்னிக்கு எங்க இருந்தது, திருமதி ஹாட்ரல்?"

"மண்டபத்துல. அடுப்படில."

"ஈஸ்டர்ல இருந்து அது உங்க வீட்டு ஷெட்ல, தூண்டில் டப்பாவுக்கு அடியில இருந்தது. அப்படித்தானே?"

தூண்டில் டப்பா என்றதும் ஷெரில் என்னைப் பார்த்தாள். அன்று முழுக்க அப்போதுதான் முதல்தடவை. அது அவள் சொன்ன வார்த்தை. அன்று அந்த அடுப்படியில், என்னைச் சிரிக்க வைக்கச் சொன்ன வார்த்தை. நீதிபதி பேனாவை நிறுத்திவிட்டு, பதில் சொல்லுங்கள் என்றார்.

"எங்க ஷெட்ல," என்றாள்.

"அப்ப எரைச்சல் ஏது? உங்க கணவர் மூடியப் பத்தி என்ன சொன்னாரு?"

ட்ரெவர் கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தான்.

"போல்ட் போட்டாச்சுன்னாரு. ஏறி டான்ஸே ஆடலாம்னாரு." கைக்குட்டையைக் கசக்கினாள். "நான் ஒரு ஜோக் அடிச்சேன். மூணு பேரும் சிரிச்சோம்."

ஜெயித்தேன். தட்டுகளை மோவாய் வரை அடுக்கியதற்காக நீதிபதி கொஞ்சம் கழித்துக்கொண்டார். கழித்தது போகக் கொடுத்ததைச் சொல்ல மாட்டேன், ஊரே ஆளுக்கொரு தொகை சொல்கிறது, பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள். ட்ரெவர் முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டான். மண்டபத்தில் விருந்து வைத்து, கேக் வெட்டி, கைதட்டி அனுப்பி வைத்தார்கள். என்னைக் கூப்பிடவில்லை. ரேலீன் ட்ரெவரைத் தீர்த்துவிட்டாள் என்று பேசிக்கொண்டார்கள். ட்ரெவர் ரேலீன் கையைத் தீர்த்துவிட்டான் என்று ஒரு வாய் பேசவில்லை. நீச்சல்குளம் இன்னும் திறந்துதான் இருக்கிறது, பாலினின் பேரன் தினமும் குதிக்கிறான்.

போன வியாழக்கிழமை பின்வாசல் கதவு தட்டுகிற சத்தம். ஷெரில். பழக்கதோஷத்தில் பாஸ்தாவோ என்று நினைத்தேன். அவள் காலடியில் பாய்லர் இருந்தது. தேய்த்துப் பளபளவென்று கொண்டுவந்திருந்தாள்.

"உள்ள வரலாமா?"

"அங்கேயே சொல்லு."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். முடி இன்னும் ஒழுங்காக வளரவில்லை. "நீ என்கிட்ட வந்து கேட்டிருக்கலாம் ரே. என் வீட்டு அடுப்படில வச்சு, ஒரு வார்த்த. நான் சொல்லியிருப்பேன்."

"என்னத்தக் கேக்கறது? உண்மையச் சொல்லுடின்னா? சிநேகிதிகிட்ட அதக் கெஞ்சி வாங்கணுமா?"

"அவரு என் புருஷன்டி."

"தெரியும். நான் யாரு?"

அவள் வேலியைப் பார்த்தாள், துணிக்கொடியைப் பார்த்தாள், கடைசியில் பாய்லரைப் பார்த்தாள்.

"இத மண்டபத்துக்குக் குடுத்துடு. நான் அங்க போறத விட்டுட்டேன், கோர்ட்ல ஒத்துக்கிட்டதுலேர்ந்து என் மூஞ்சில முழிக்க மாட்டேங்கறாங்க. ரிப்பேர் எல்லாம் ஒண்ணும் பெருசா இல்ல. வீட்டுல சும்மா இருக்காரேன்னு இப்பதான் தெறந்து பாத்தாரு. ஒரு ஒயரு லூசா இருந்துச்சாம். அஞ்சு நிமிஷ வேல."

சொன்ன பிறகுதான் அவளுக்கே காதில் விழுந்தது. கதவைப் பிடித்திருந்த என் இடது கையைப் பார்த்தாள், பிறகு இடுப்போரம் தொங்கிக்கொண்டிருந்த வலது கையைப் பார்த்தாள்.

"மூடியும் அஞ்சு நிமிஷ வேலதான்டி," என்றேன்.

அவள் போனாள். கார் கிளம்பும் வரை நின்று பார்த்துவிட்டு, பாய்லரைத் தூக்கப் பார்த்தேன். அதற்கு இரண்டு பக்கமும் கைப்பிடி, இரண்டு கையாலும் பிடித்தால்தான் வரும். உதவிக்குக் கூப்பிட யாரும் நினைவுக்கு வரவில்லை. அது இன்னும் பின்வாசலில்தான் கிடக்கிறது, மழை வந்தால் நனைகிறது.